லயத்துக்கு மேலே விழுந்த வெடிப்பு

கேள்வி: ஹல்துமுல்லை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மூன்று லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), 38 குடும்பம். டித்வா சூறாவளி மழையின்போது எங்கள் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஒரு வெடிப்பு விழுந்தது. கை நுழையும் அகலம். “இந்த மலை முன்னமே ஒருக்கா இறங்கியிருக்கு” என்று அப்பாயி சொல்கிறார். எப்போது என்று கேட்டால் வருடம் தெரியவில்லை. தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து, எங்கள் இடத்தில் இதுவரை நடந்த அனர்த்தங்களை எழுதி வைக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? அதற்குள் பெருமழை வந்தால் எப்போது வெளியேற வேண்டும்? அப்பாயியோ லயத்தை விட்டு வரவே மாட்டேன் என்கிறார்.
– ஓர் ஆசிரியை, பதுளை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் வெடிப்பைப் பார்த்துவிடுவோம். வரலாறு எழுத நாள் இருக்கிறது.

வெயிலில் காய்ந்து விழும் வெடிப்பு வலை பின்னியது போல நாலாபக்கமும் ஓடும், ஆழம் இருக்காது, முதல் மழையில் மூடிக்கொள்ளும். உங்களுடையது மழைக்குள் விழுந்திருக்கிறது, கை நுழைகிறது. அதனால் மூன்று விஷயங்களை நேரில் பாருங்கள். வெடிப்பு மலைச்சரிவுக்குக் குறுக்காக ஓடுகிறதா? அதன் இரண்டு முனைகளும் பிறை போல வளைந்து கீழ்நோக்கி இறங்குகின்றனவா? கீழ்ப்பக்க விளிம்பு மேல்பக்க விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தப் பிறைக்குக் கீழே உள்ள மண் முழுவதும் ஒரே துண்டாக இறங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியலாளர் வந்து பார்த்து வேறு முடிவு சொல்லும்வரை, அதற்கு நேர் கீழே உள்ள லயத்தில் மழை இரவுகளில் யாரும் படுக்க வேண்டாம். வானம் வெளுத்த நாளில் பகலில் இருக்கலாம், சமைக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் படுக்கை வேறு இடத்தில்.

வெடிப்பு நகர்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். அரை அங்குலக் கம்பியில் 75 சென்றிமீற்றர் நீளமான துண்டுகள் ஆறு வெட்டுங்கள். வெடிப்பின் நடுவிலும் இரு முனைகளுக்கு அருகிலும், ஒவ்வோர் இடத்திலும் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்றாக, விளிம்பிலிருந்து அரை மீற்றர் தள்ளி அடித்து இறக்குங்கள். 60 சென்றிமீற்றராவது மண்ணுக்குள் போகட்டும். விளிம்போடு ஒட்டி அடித்தால் விளிம்பு மண் உதிரும்போது கம்பியும் சாயும், அளவு பொய்யாகிவிடும். கம்பித் தலையில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, கீறலிலிருந்து கீறலுக்கு இரும்பு நாடாவால் அளந்து மில்லிமீற்றரில் எழுதுங்கள். தையற்காரரின் துணி நாடா இழுபடும், வேண்டாம். எப்போதும் ஒரே ஆள், ஒரே நாடா. மழை இல்லாத காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை போதும். மழை தொடங்கினால் நாளுக்கு இரண்டு தடவை, அதுவும் வெளிச்சம் இருக்கும்போது மட்டும். கொட்டும் மழையில் யாரும் வெடிப்பைப் பார்க்க மேலே ஏறக் கூடாது.

ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசம் கையின் பிழையாக இருக்கலாம். நேற்று 3, இன்று 5, நாளை 9 என்று கூடிக்கொண்டே போனால் அது வேறு. மண் இறங்கும் வேகம் ஏறுகிறது என்பதே அதன் பொருள். அன்றைக்கு மழை அளவைக் கூடப் பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் வெளியேறுங்கள்.

வெடிப்பைச் சீமெந்து போட்டு அடைக்காதீர்கள். சீமெந்து மண்ணோடு நகராது, பக்கத்திலேயே புது வெடிப்பு விழும், தண்ணீர் அதற்குள் போகும். களிமண்ணைத் திணித்து, மிதித்து இறுக்கி, மேலே பொலித்தீன் விரித்து ஓரங்களைக் கல்லால் அழுத்துங்கள். கம்பி இருக்கும் இடங்களில் மட்டும் பொலித்தீனைத் திறந்து அளக்கும்படி விடுங்கள். இது மலையை நிறுத்தாது. மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்குவதை மட்டும் குறைக்கும்.

அடுத்தது அப்பாயி சொன்னது. வருடம் தெரியாவிட்டாலும் அந்தப் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். மலையகத்தில் லயம் கட்டிய இடங்களை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் செங்குத்தான சரிவு, நடுவில் மட்டும் கொஞ்சம் சமதரை, பக்கத்தில் வற்றாத பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்). நூறு வருடத்துக்கு முன் லயம் கட்ட இடம் தேடியவர்களுக்கு அது நல்ல இடமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் செங்குத்து மலையில் அந்தச் சமதரை எப்படி வந்தது? பல இடங்களில், எப்போதோ மேலே இருந்து இறங்கிய மண்ணும் கல்லும் வந்து தங்கியதால் வந்தது. அந்த மண் தளர்ந்தது, தண்ணீரை உறிஞ்சும், அடியில் உள்ள பாறையில் ஒட்டாமல் இருக்கும். பீலியில் தண்ணீர் வற்றாததற்கும் அதுவே காரணம். தளர்ந்த மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் அடிப்பாறையைத் தொட்டதும் வழி இல்லாமல் பக்கவாட்டில் வெளியே வருகிறது. குடியிருக்க வசதியான இடமும் மறுபடி சரியக்கூடிய இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. எல்லா லயமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். உங்களுடையது அப்படியா என்பதை நீங்களே பெருமளவு கண்டுபிடிக்கலாம்.

லயத்துக்கு எதிரே உள்ள மலையில் ஏறி நின்று உங்கள் பக்கத்தைப் பாருங்கள். மேலே, சாய்வு நாற்காலியின் முதுகு போலக் குடைந்த ஒரு பள்ளம் இருக்கிறதா? அதற்குக் கீழே மேடும் குழியுமாக ஒழுங்கில்லாத தரை, அதில் வீடளவு கற்கள் பாறையோடு சேராமல் மண்ணில் கிடக்கின்றனவா? தேயிலை வரிசை எங்காவது சட்டென்று நெளிகிறதா? டர்பன்டைன் மரங்களின் அடி வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கின்றனவா? மரம் இளமையில் சாய்ந்து, பிறகு வெளிச்சம் தேடி நிமிர்ந்தால்தான் அந்த வளைவு வரும். மண் மெதுவாக நகர்ந்ததற்கு அந்த மரமே சாட்சி.

இதைவிட நல்ல சாட்சி மலசலகூடக் குழி. புதிதாக யாராவது குழி தோண்டினால் ஓடிப்போய்ப் பாருங்கள். குழியின் சுவரில் செம்மண்ணும் முனை மழுங்காத கற்களும் எந்த அடுக்கும் இல்லாமல் கலந்திருந்தால், அது மேலே இருந்து வந்து விழுந்த மண். அதற்கும் அடியில், ஆறேழு அடி ஆழத்தில், ஒரு சாண் அளவு கருமண் பட்டையும் மக்கிய வேரும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கருமண் ஒரு காலத்தில் வெயில் பட்ட மேல்தரை. அதன்மேல் மலை வந்து படுத்திருக்கிறது. சுவரில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து, எந்த வீட்டுக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதி வையுங்கள். பார்க்க வரும் புவியியலாளருக்கு இதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்ய முடியாது.

இப்போது வரலாறு. உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் போய்விட்டார்கள். அது யாரும் எதிர்பாராத இடம் இல்லை. 2005 இலும் 2011 இலும் அபாய இடம் என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடிதமாக இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் அந்த உயிர்கள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, அதில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளுக்குப் பெரிய பங்கு.

மாதங்களைக் கவனித்தீர்களா? 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பரவலாகச் சரிந்தது. 2007 ஜனவரியில் வலப்பனைப் பக்கம். மீரியபெத்த ஒக்டோபர், டித்வா நவம்பர். ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பயப்பட வேண்டிய காலம், மார்ச், ஏப்ரல் இடிமழை அதற்கு அடுத்தது. மலையின் மேற்குப் பக்கத்தில் கணக்கு வேறு. 1989 ஜூனில் கேகாலை, 2016 மே 17 அன்று அரநாயக்கவும் அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டமும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை என்று தென்மேற்குப் பருவமழையோடு வரும். வானொலியில் “மலையகத்தில் மண்சரிவு அபாயம்” என்று மொத்தமாகச் சொல்வதை மட்டும் நம்பி இருந்தால் உங்கள் காலம் எது என்பது பிடிபடாது. உங்கள் தோட்டத்துக்கு என்று தனி நாட்காட்டி வேண்டும்.

அதை எழுத ஒரு சீஆர் கொப்பி போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம். என்ன நடந்தது, எந்த நம்பர் மலையில், மேலே எங்கே தொடங்கிக் கீழே எதுவரை வந்தது, பகலா இரவா, அதற்கு முன் எத்தனை நாள் மழை, முதலில் என்ன தெரிந்தது (சத்தமா, பீலியில் கலங்கல் தண்ணீரா, கதவு இறுகியதா), யார் எந்தப் பக்கம் ஓடித் தப்பினார்கள். கடைசி இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை உயிர் காக்கப்போவது அந்த இரண்டு பதில்கள்.

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்காதீர்கள். அவர்கள் வருடத்தை அப்படி வைத்துக்கொள்வதில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததற்கு முன்னா பின்னா, கம்பெனிக்குக் கொடுத்த பிறகா (அது 1992), மூத்த பிள்ளை கையில் இருந்ததா வயிற்றில் இருந்ததா, அந்த மலை கவ்வாத்து வெட்டி எத்தனையாவது மாதம், மாசியில் காமன் கூத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு, பிறகு ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். முதலிலேயே சேர்த்து வைத்தால், குரல் பெரியவர் சொன்னதே எல்லோருடைய ஞாபகமும் ஆகிவிடும்.

தோட்ட ஞாபகத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அதற்குப் பின் வந்த வருடங்களில் கப்பலேறிப் போனவர்களோடு, இந்த மலை எப்போது இறங்கியது என்ற ஞாபகமும் போய்விட்டது. போனவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கின்றன. உங்கள் தோட்டத்திலிருந்து போன சொந்தம் யாருக்காவது இருந்தால் வட்ஸ்அப்பில் கூப்பிட்டு அங்குள்ள தாத்தா, பாட்டிகளைக் கேளுங்கள். நீலகிரியும் மண் சரிகிற மலைதான். அவர்களுக்கு நீங்கள் கேட்பது சட்டென்று புரியும்.

தோட்ட ஒபிஸில் இன்னொரு புதையல் இருக்கும்: மழைப் பதிவேடு. தேயிலைத் தோட்டங்களில் தினசரி மழையை எழுதி வைக்கும் வழக்கம் பழையது. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். மூலத்தை வெளியே கொண்டுபோக மாட்டோம், ஒபிஸிலேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் தடை இருக்காது. பழைய ஏடுகள் அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஒரு நாளில் 3 அங்குலத்துக்கு மேல் பெய்த நாட்களை மட்டும் பிரித்து எழுதி, பெரியவர்கள் சொன்ன சம்பவங்களோடு வைத்துப் பாருங்கள். அப்பாயி சொன்ன சரிவுக்குத் திகதி கிடைத்தாலும் கிடைக்கும்.

ஏன் 3 அங்குலம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், மஞ்சள். 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், செம்மஞ்சள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும், சிவப்பு. அங்குலக் கணக்கில் மூன்று, நான்கு, ஆறு. பெரியவர்களுக்கு அப்படிச் சொன்னால் மனதில் நிற்கும்.

இவை பொதுவான சரிவுகளுக்கான அளவுகள். உங்கள் சரிவில் ஏற்கனவே வெடிப்பு இருக்கிறது, அதனால் நீங்கள் ஒரு படி முந்திக்கொள்ளுங்கள். 75 வந்தால் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், பிள்ளைக்காம்பரா (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) வயதுக் குழந்தைகள் போகட்டும். 100 வந்தால் எல்லோரும் போகட்டும். நாலைந்து நாளாக விடாமல் பெய்து மண் ஊறியிருந்தால் 75 கூடத் தேவைப்படாது. மாலை நாலு மணிக்கு மழைமானி 60 காட்டி, வானம் இன்னும் கறுத்திருந்தால் இருட்டும் முன் புறப்படுங்கள். இருட்டில், மழையில், வழுக்கும் படிக்கட்டில், கைக்குழந்தையோடு இறங்குவதைவிட, ஒன்றும் நடக்காமல் மறுநாள் திரும்பி வருவது மேல்.

மழைமானியை நீங்களே செய்யலாம். பக்கச் சுவர் நேராக உள்ள பெரிய சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து, கழுத்துப் பக்கம் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய தலையை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே பொருத்தினால் புனல். அடியில் கூழாங்கல் போட்டு, போத்தலின் சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடுங்கள், அதுதான் பூச்சியம். அந்தக் கோட்டில் பூச்சியம் வரும்படி பிளாஸ்ரிக் அளவுகோலை ஒட்டிவிட்டால் முடிந்தது.

கோளாறு வருவது வெட்டும் இடத்தில். ஒடுங்கிய பிறகு வெட்டினால் வாய் சிறுத்துவிடும். போத்தல் 9 சென்றிமீற்றர் அகலம், வாய் 8 என்றால், 100 மில்லிமீற்றர் பெய்தாலும் 79தான் காட்டும். வெளியேற வேண்டிய நேரத்தில் விழித்திருந்தால் போதும் என்று சொல்லும் மழைமானி, இல்லாததைவிடக் கெடுதல். வாயும் உடம்பும் ஒரே அகலமா என்று அளந்து பாருங்கள். கூரைக்கும் மரத்துக்கும் அருகில் வைக்காதீர்கள், பக்கத்தில் உள்ளது எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும். காற்றில் விழாமல் ஒரு கம்பத்தில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) நல்ல இடம், எல்லோரும் கடந்து போவார்கள். தினமும் காலை 8.30க்கு வாசித்து, பூச்சியக் கோடுவரை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெருமழையில் மூன்று மணிக்கு ஒரு தடவை வாசித்துக் கொட்டி, கூட்டிக்கொண்டே வாருங்கள். போத்தலின் நேரான பகுதி ஒரு சாண்கூட இருக்காது, நிரம்பி வழிந்தால் கணக்குப் போய்விடும்.

மழையை நிறுத்த முடியாது, அது போகும் வழியைக் கொஞ்சம் மாற்றலாம். 36 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலமான ஒரு லயத்தின் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 21,600 லீற்றர் தண்ணீர் விழும். கூரைக்குப் பீலி (தண்ணீர் வடியும் தகரம்) இல்லையென்றால் அத்தனையும் பின்சுவரின் அடியிலேயே இறங்குகிறது. தகரப் பீலி போட்டு, குழாய் வழியாகப் பாறை தெரியும் ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். நடுவழியில் விட்டால் அந்த இடத்தில் புதிதாக அரிக்கும்.

மேலே தேயிலைக்குள் இருக்கும் கான்களை (வடிகால்களை) ஒருநாள் சிரமதானமாக நடந்து பாருங்கள். கைவிடப்பட்ட மலையில் கான்கள் மானாப்புல் மூடி, மண் நிரம்பித் தண்ணீர் தேங்கி நிற்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேயிலைக் கானுக்குள் இடைக்கிடை சிறு வரப்பு விட்டுக் குழி குழியாக வெட்டுவது பழைய முறை. மண் அரிக்காமல் தண்ணீர் நின்று ஊற வேண்டும் என்பதற்காகச் செய்தது, தேயிலைக்கு நல்லது. வெடிப்பு விழுந்த சரிவுக்கு மேலே அதே கான் எமன். அங்கே தண்ணீர் ஊறக் கூடாது, ஓட வேண்டும். வெடிப்புக்கு மேலே உள்ள கான்களில் அந்தக் குழிகளை மூடி, சுமார் 120 அடிக்கு ஓர் அடி இறக்கம் வைத்துப் பக்கத்து ஓடைக்கு வழிவிடும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அதைவிடச் செங்குத்தாக வைத்தால் கானே அரித்து ஓடையாகிவிடும். மண்வெட்டியை எடுத்து நீங்களாக வெட்டிவிட வேண்டாம். எந்தக் கான் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் வெட்டினால் பக்கத்து லயத்தின் தலையில் தண்ணீரைத் திருப்பிவிடுவீர்கள்.

லயத்துக்குப் பின்னால் சமையலறை இழுக்க மலையை வெட்டியிருப்பார்கள். பெரிய மண்சரிவு செய்தியாகிறது. ஆளை மூடும் சிறு சரிவுகள் அந்த வெட்டுச் சுவரிலிருந்துதான் அடிக்கடி வருகின்றன. வெட்டிய சுவர் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம் வீட்டுக்கும் சுவருக்கும் இடையில் வேண்டும். லயத்தில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். அப்படியானால் மழை இரவில் அந்தப் பக்கக் காம்பராவில் படுக்காமல் முன்பக்கம் படுக்கட்டும்.

வெளியேறும் வழியை மழை இல்லாத நாளில் நடந்து தீர்மானியுங்கள். ஓடையையோ பள்ளத்தையோ கடக்காத வழியாக இருக்க வேண்டும். இறங்கும் மண் பள்ளத்தைத்தான் பிடித்துக்கொண்டு ஓடும். அரநாயக்கவில் சாமசர மலையிலிருந்து புறப்பட்டது சுமார் 2 கிலோமீற்றர் கீழே போனது, “நாங்கள் மலையடிவாரத்திலிருந்து தூரம்” என்று நினைத்தவர்களையும் சேர்த்து. எனவே ஓட வேண்டிய திசை கீழே இல்லை, பக்கவாட்டில், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே துருத்தி நிற்கும் மேட்டுக்கு. பாடசாலை, கோயில், இஸ்டோர் (தேயிலை ஆலை) என்று வழக்கமாகத் தங்கும் கட்டடம் இன்னொரு பள்ளத்தின் வாயில் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தொங்கல் காம்பராவில் இருக்கும் வயதானவரை இருவர் கைபிடித்து, இரவில் டோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை கூட்டிப்போய் நேரம் பாருங்கள். நீங்கள் 10 நிமிடம் என்று நினைத்தது 35 நிமிடம் ஆகலாம். அந்த 35தான் உங்கள் கணக்கு.

மழை அளவு என்ன சொன்னாலும், இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே போங்கள்: பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கல், அல்லது சட்டென்று நின்றுவிட்டது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, கதவு, ஜன்னல் திடீரென இறுக்கம், மின்கம்பம் சாய்ந்து கம்பி விறைத்து நிற்பது, மலையிலிருந்து லொறி வருவது போன்ற உறுமல். இவற்றில் மிக மோசமானது ஓடை நிற்பது. கொட்டும் மழையில் ஓடையில் தண்ணீர் குறைந்தால் மேலே மண் விழுந்து அணை கட்டியிருக்கிறது, அது உடையும்போது வருவது தண்ணீர் மட்டுமில்லை. அள்ளிக் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

மற்ற அபாயங்களும் கொப்பியில் ஏறட்டும், சுருக்கமாக. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி. கொழுந்து மலையில் நிற்பவர்கள் முதல் முழக்கத்திலேயே இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. காற்றுக்குப் பறக்கும் கூரைத் தகரம். லயத்தின்மேல் சாயக்கூடிய பழைய மரம். வறட்சியில் மானாப்புல் தீ. தீ எரிந்த சரிவு அடுத்த மழையில் அதிகமாக அரிக்கும் என்பதால் அதன் திகதியும் முக்கியம்.

அப்பாயி வரமாட்டேன் என்பதற்குப் பல காரணம் இருக்கும். சேலையும் நகையும் அடையாள அட்டையும் இருக்கும் தகரப் பெட்டி, கோழி, ஆடு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் படுக்கும் கூச்சம். பயம் காட்டிக் கூப்பிட்டால் வீம்புதான் வளரும். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், மாத்திரை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஆட்டை எங்கே கட்டுவது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய்த் தங்கும் இடத்தில் அவருக்கென்று ஒரு பாயும், அவர் வயதுத் துணை ஒருவரும் இருக்கட்டும். மலை இறங்கியதை இந்தத் தோட்டத்தில் அறிந்தவர் அவர். கொப்பியின் முதல் பக்கம் அவர் சொன்னதாக இருக்கட்டும், அவர் பெயரோடு. புறப்படும் ஒத்திகையை அவரை முன்னால் நடக்கவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாகக் கடிதம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை மாவட்ட அலுவலகத்துக்கு, இடத்தைப் பரிசோதிக்கக் கோரி எழுதுங்கள். பிரதி பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர், தோட்ட முகாமையாளர் மூவருக்கும். வெடிப்பின் நீளம், அகலம், விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, இதுவரை எடுத்த அளவுகள், குழிச் சுவரின் படம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். “பயமாக இருக்கிறது” என்ற கடிதம் கோப்பில் கிடக்கும், அளவும் திகதியும் உள்ள கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். மாற்று இடத்தில் 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி தருவதாகச் சொன்னால் அந்த இடத்துக்கும் அதே நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் குடிபோவதில் பயன் இல்லை. அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்து, தோட்டத்தின் பெயர், பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு மூன்றையும் சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு 1990.

கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டுகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.